சலவைக்கூடத்தில் உடைந்த பனிக்குடம்

ஈரத்தைப் பற்றி மடிப்புக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று சலவைக்கூடத்தில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். வம்பே அங்கேதான் ஆரம்பித்தது.

மடிப்பு என்பது கூடத்தில் அவளுக்கு விழுந்த பெயர். ஓட்டல்கள், தங்கும் விடுதிகள், ஒரு முதியோர் இல்லம் என்று பல இடங்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் துணியைத் துவைத்துத் தேய்த்து மடித்து அனுப்பும் இடம் அது. பள்ளிக்கூடத்தை விட்ட கையோடு, பெரிய விரிப்பின் ஒரு முனையைப் பிடித்து உதறும் வேலைக்கு வந்தவள் அவள். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. பக்கத்து மேசைக்காரிகளின் கையைப் பார்த்தாள். அவர்களுடைய தவறுகளை அதைவிட நன்றாகப் பார்த்தாள். சில வருஷங்களில் மடிக்கும் மேசை அவள் கைக்கு வந்துவிட்டது. உலர்த்தும் மெஷினிலிருந்து வரும் துணியைப் புறங்கையால் தொடுவாள். ஓரத் தையலில் துளி ஈரம் இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். ஈரத்தோடு மடித்த துணி மறுநாள் நாறும். அவள் மேசையைத் தாண்டிப் போன துணி நாறியதாகப் புகார் வந்ததில்லை.

வீட்டிலும் இதே கதைதான். பக்கத்து வீட்டுக் கொடியில் துண்டு கோணலாகத் தொங்கினால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. போய் நேராக்கிவிட்டு வருவாள். அந்த வீட்டுக்காரி அதற்காக இரண்டு வருஷம் இவளோடு பேசவில்லை. அந்த இரண்டு வருஷமும் துண்டு என்னவோ நேராகத்தான் தொங்கியது.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். எங்கே எந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் நின்றாலும் அவனுக்குத்தான் போன் வரும். அவசரம் என்று பதறிக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் கதவைச் சரியாக மூடியிருக்க மாட்டார்கள். அதனால் அவசரம் என்ற சொல்லின் மேலேயே அவனுக்கு நம்பிக்கை போய்விட்டது. நல்ல மனிதன்தான். ஆனால் எதைச் சொன்னாலும் "கதவை மூடிப் பாத்தியா?" என்பது போல ஒரு முகம் வைத்திருப்பான். அவனுடைய அக்கா, அதாவது மடிப்பின் நாத்தனார், அதே வீட்டின் கீழ்ப் பகுதியில் இருந்தாள். மூன்று பிள்ளை பெற்றவள். அந்த மூன்றையும் வைத்துக்கொண்டு உலகத்துப் பிரசவங்களுக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மடிப்புக்குக் குழந்தை சீக்கிரம் உண்டாகவில்லை. கேட்கிறவர்கள் கேட்டு ஓய்ந்து, அவளும் அந்த நினைப்பையே மடித்து உள்ளே வைத்துவிட்ட பிறகுதான் நாள் தள்ளிப்போனது. அப்போதும் அவள் யாரிடமும் குதித்துச் சொல்லவில்லை. மருத்துவர் உறுதி செய்த பிறகு, மறுபடியும் ஒருமுறை உறுதி செய்துகொண்டு, அதன் பிறகே கணவனிடம் சொன்னாள். இந்த ஒன்று நல்லபடியாக வந்து சேர வேண்டும் என்பதைத் தவிர அந்த ஒன்பது மாதமும் அவளுக்கு வேறு வேண்டுதல் இல்லை. வெளியே மட்டும் வழக்கம்போல எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தாள்.

கடைசி மாதத்தில் வயிறு அவளைப் படுத்தத் தொடங்கியது. ஒரு சாயங்காலம், நின்று வேலை செய்துவிட்டு வந்தவளுக்கு வயிறு கல்லாக இறுகியது, விட்டது, மறுபடி இறுகியது. நாத்தனார் மேலே வந்து கையை வைத்துப் பார்த்து, இதுதான், கிளம்பு என்றாள். கணவன் கைபேசியில் நேரத்தைக் குறித்துக்கொண்டே வண்டி பிடித்தான். மருத்துவமனைக்குப் போய்ப் படுத்து, தண்ணீர் குடித்து, சிறிது நேரம் வராந்தாவில் நடந்ததும் எல்லாம் அடங்கிவிட்டது. பிரசவ வார்டு சிஸ்டர் பரிசோதித்துவிட்டு, இது பொய்வலி, உடம்பு ஒத்திகை பார்க்கிறது, நிஜ வலி என்றால் படுத்தாலும் நடந்தாலும் போகாது, நேரம் ஆக ஆக நீளமாகும், பலமாகும், நெருக்கமாக வரும் என்று சொல்லி அனுப்பினாள்.

சில நாள் கழித்து இன்னொரு தடவை. இந்த முறை முதுகு வலியோடு, இளஞ்சிவப்புக் கோடு ஓடிய சளி போன்ற ஒன்று வெளியே வந்திருந்தது. அதைப் பார்த்ததும் கணவனே பையைத் தூக்கிவிட்டான். சிஸ்டர் பார்த்தாள். கர்ப்பப்பை வாயை அடைத்திருந்த சளி கழன்றிருக்கிறது, இது நல்ல அறிகுறிதான், ஆனால் பிரசவத்துக்கு இன்னும் சில நாள்கூட ஆகலாம், வீட்டில் இருங்கள் என்றாள். அனுப்பும்போது மறுபடியும் விவரமாகச் சொன்னாள். வலி ஒழுங்காக, நெருங்கி வந்தாலும் கூப்பிடலாம். தண்ணீர் கசிந்தாலும், வலி இருக்கிறதோ இல்லையோ, கூப்பிட வேண்டும். இரத்தம் பட்டாலும், குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினாலும் காத்திருக்கவே கூடாது. சந்தேகம் என்றால் போன் பண்ணுங்கள், அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம்.

நன்றாகத்தான் சொன்னாள். ஆனால் கேட்டுக்கொண்டவர்கள் அவரவருக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். கணவன் நேரம் குறிக்கும் வித்தையை எடுத்துக்கொண்டான். நாத்தனார் "இன்னும் சில நாள் ஆகலாம்" என்பதை எடுத்துக்கொண்டாள். மடிப்பு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. தன்னை இரண்டாவது முறையாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்ற ஒன்றே அவள் காதில் நின்றது. சரியாகக் காயாத துணியைத் திருப்பி அனுப்புவது அவளுடைய வேலை. அவளையே இதற்கு முன் யாரும் திருப்பி அனுப்பியதில்லை.

திரும்பி வரும் வழியில் கணவன் சும்மா இருந்திருக்கலாம். "ரெண்டு தடவையும் கதவு சரியா மூடலை, அவ்வளவுதான்" என்று சிரித்தான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இனி வலி வந்து கண் இருட்டும் வரைக்கும் அந்தப் படியை மிதிப்பதில்லை என்று அங்கேயே முடிவு செய்துவிட்டாள். வீட்டில் மற்றவர்களும் அதற்கேற்றபடிதான் இருந்தார்கள். காலையில் எழுந்ததும் வலியா, சாப்பிட்டதும் வலியா, படுக்கும்போது வலியா. வலியைத் தவிர வேறு எதையும் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

விடுப்பு எடுத்துக்கொள்ளச் சொல்லி மேற்பார்வையாளர் கெஞ்சினார். வருகிற வாரத்திலிருந்து வருவதில்லை என்று ஒப்புக்கொண்டாள். அதுவரை உட்கார்ந்து மடிக்கும் வேலை மட்டும் என்று பேச்சு. மடிக்கும் அறையில் அவளுக்கென்று மெத்தை வைத்த ஒரு ஸ்டூல் போட்டார்கள்.

அன்று காலையில் அந்த ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தாள். கழிப்பறைக்குப் போய் வந்து மறுபடி உட்காரப் போனவள் மெத்தையைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம். கூடத்தின் சட்டப்படி மடிக்கும் அறைக்குள் ஈரம் வரக் கூடாது. யார் கொண்டு வந்திருப்பார்கள்? பிழியும் டிரம்மை ஓட்டுகிறவர்தான் எப்போதும் நனைந்த ஏப்ரனோடு கண்ட இடத்தில் உட்காருகிறவர். வாசலுக்குப் போய், அங்கிருந்தே அவரைப் பிடித்துக்கொண்டாள். உலர்ந்த இடம், ஈர இடம் என்று பிரித்து வைத்திருப்பது எதற்கு என்று ஆரம்பித்து, அவர் வேலைக்குச் சேர்ந்த நாள் வரைக்கும் போனாள். டிரம்காரர் வயதில் மூத்தவர். நான் அந்தப் பக்கமே வரலைம்மா என்று சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. மெத்தையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

டீ குடித்து முடிப்பதற்குள் கீழே துவைக்கும் தளத்தில் கூச்சல் கிளம்பியது. ஒரு தங்கும் விடுதியின் புதிய பச்சைத் திரைச்சீலைகளை யாரோ வெள்ளை விரிப்புகளோடு சேர்த்துப் போட்டுவிட்டார்கள். சாயம் இறங்கி, வெள்ளை எல்லாம் பாசி பிடித்தது போல வந்துகொண்டிருந்தது. நீ வராதே, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார் மேற்பார்வையாளர். பார்த்துக்கொள்கிறவர்கள் இதை ஏன் சேர்த்துப் போட்டார்கள் என்று கேட்டபடி அவள் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். சாயம் ஏறிய வெள்ளைத் துணியைக் காய விடக் கூடாது, காய்ந்தால் அவ்வளவுதான். ஒவ்வொன்றாக எடுத்துத் தனித் தொட்டியில் போட்டு அலசச் சொன்னாள். சொன்னதோடு நில்லாமல் தானும் கையை விட்டாள். இடுப்புக்குக் கீழே எல்லோரும் நனைந்துதான் நின்றார்கள். அவளும் நனைந்திருந்தாள். அங்கே நனையாமல் நிற்பவர்தான் அதிசயம்.

சாப்பாட்டு நேரத்தில் கழிப்பறையில் தன் உள்ளாடையைப் பார்த்தாள். மங்கலான பச்சை. இந்தச் சாயம் எங்கெல்லாம் போய்த் தொலைத்திருக்கிறது என்று எரிச்சலோடு அலசிப் பிழிந்து போட்டுக்கொண்டு வந்தாள். எந்தக் கறையையும் விளக்கின் கீழே பிடித்துப் பார்த்து, இது டீ, இது மருந்து, இது துரு என்று சொல்லிவிடக்கூடிய பெண், தன் உடம்பிலிருந்து வந்ததை இரண்டாவது தடவை பார்க்கவில்லை. கூடத்தில் அன்றைக்கு எல்லாமே பச்சையாக இருந்தது. அதில் இதுவும் ஒன்று. வலி இருந்திருந்தால் யோசித்திருப்பாள். வலி இல்லை.

மேலே வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் மெத்தை மறுபடி ஈரமானது. டிரம்காரர் இரண்டாவது தடவை திட்டு வாங்கினார். இந்த முறை அவர் மெஷினைப் போட்டு அந்தச் சத்தத்துக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

பொழுது சாயும் நேரத்தில் வீடு திரும்பினாள். குளித்து, உலர்ந்த நைட்டியைப் போட்டுக்கொண்டு, சமையலறை மேசையோரம் நாற்காலியில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டாள். எழுந்தபோது நைட்டியின் பின்பக்கம் நனைந்திருந்தது.

இங்கே தொட்டி இல்லை, டிரம் இல்லை, திரைச்சீலை இல்லை. திட்டுவதற்கும் ஆள் இல்லை. அவள் ஒரு வெள்ளைத் துண்டை நான்காக மடித்து வைத்துக்கொண்டு, அறைக்குள் மெதுவாக நடந்தாள். பிறகு துண்டை எடுத்து விளக்கின் கீழே பிடித்தாள். துண்டிலும் அதே மங்கலான பச்சை. அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது.

கணவன் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தான். நாத்தனாரும் பேச்சுச் சத்தம் கேட்டு மேலே வந்தாள். மடிப்பு விஷயத்தைச் சொன்னாள்.

"வலி இருக்கா?" என்றான் கணவன்.

"இல்ல."

"கொஞ்சம்கூட?"

"இல்லைன்னா இல்ல."

"அப்புறம் என்ன? வலி வரட்டும், போயிடலாம். மறுபடியும் போய் நின்னா அவங்க என்ன நினைப்பாங்க?"

நாத்தனார் துண்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பனிக்குடம் உடைஞ்சா இப்படித் துளித் துளியாவா வரும்? எனக்கு நடுத்தெருவுல குடத்தைக் கவுத்த மாதிரி கொட்டுச்சு. செருப்பு மிதந்துச்சு. இது மூத்திரம்மா. குழந்தை தலை அழுத்துதுல்ல, அப்படித்தான் கசியும்."

"மூத்திரம் எனக்குத் தெரியாதா அண்ணி? முதியோர் இல்லத்து விரிப்பு அத்தனையும் என் கையிலதான் வருது. அது மஞ்சள். நாத்தம் வேற. இதுல அந்த நாத்தமே இல்ல. நிறமும் பச்சை."

சாயமாக இருக்கும் என்றான் கணவன். குளித்துவிட்டு, துணி மாற்றிவிட்டு உட்கார்ந்தேன், சாயம் எங்கிருந்து வரும் என்றாள். எதற்கும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்றான். நாத்தனார் சுடுதண்ணீர் வைக்கவா என்று கேட்டாள். சுடுதண்ணீர் எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. மடிப்பு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து பேசுவதைத்தான் இவ்வளவு நாளும் தானும் பேசிக்கொண்டிருந்தது புரிந்ததும் அவளுக்கு வந்த கோபத்தில் பாதி தன் மேலேயே இருந்தது. மீதியைக் கணவனிடம் கொடுத்தாள்.

"என்னங்க, லிஃப்டுக்குள்ள ஆள் மாட்டிக்கிச்சுன்னு போன் வந்தா, அந்த ஆளுக்கு வலிக்குதான்னு கேட்டுட்டா கிளம்புவீங்க?"

அவன் கைபேசியை எடுத்து நீட்டினான்.

பிரசவ வார்டில் எடுத்தது அதே சிஸ்டர்தான். மடிப்புக்கு முதலில் வாய் வரவில்லை. ஏற்கெனவே இரண்டு தடவை வந்தவள் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள். தொந்தரவுக்கு மன்னிக்கணும் என்றாள். வலி இல்லை, அதனால் ஒன்றும் இருக்காது, சும்மா கேட்கலாம் என்றுதான் என்று இழுத்தாள். சிஸ்டர் நடுவில் வெட்டினாள்.

"அதெல்லாம் இருக்கட்டும்மா. தண்ணி வருதா? என்ன நிறம்?"

நிறம் என்று கேட்டதும் மடிப்புக்கு நாக்குத் திரும்பிவிட்டது. "பச்சை. அடர்த்தி இல்ல. பச்சைத் துணியை மூணாவது தடவை அலசும்போது விடுற தண்ணி மாதிரி. நடுவுல கொஞ்சம் பழுப்பு."

"குழந்தை அசையுதா?"

காலையிலிருந்து எத்தனை விரிப்புக்குச் சாயம் போயிற்று, எத்தனைக்குப் போகவில்லை என்று கேட்டால் சொல்லியிருப்பாள். குழந்தை கடைசியாக எப்போது உதைத்தது என்று தெரியவில்லை. கையை வயிற்றில் அழுத்தி வைத்தாள். மூன்று பேரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நெடுநேரம் கழித்து, தூக்கத்தில் புரளுவதுபோல, ஒரு மெல்லிய தள்ளல்.

"அசைஞ்சுது. ஆனா வழக்கம்போல இல்ல."

"உடனே கிளம்புங்க. வலிக்காகக் காத்திருக்காதீங்க. உள்ளே எதுவும் வைக்காதீங்க, வெளியே ஒரு துணி மட்டும் வெச்சுக்குங்க. அதைத் தூக்கிப் போடாம கொண்டு வாங்க, நான் பாக்கணும்."

அந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்பதை வார்டுக்குப் போன பிறகுதான் சொன்னார்கள். குழந்தை வயிற்றுக்குள்ளேயே முதல் மலத்தைக் கழித்திருக்கிறது. எப்போதும் ஆபத்து என்று இல்லை. ஆனால் உள்ளே அதற்குச் சிரமம் ஏற்பட்டிருக்கலாம். அந்தத் தண்ணீர் மூச்சோடு போனாலும் தொல்லை. அதனால் கண் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். வயிற்றில் பட்டையைக் கட்டி, குழந்தையின் இதயத் துடிப்பைக் காகிதத்தில் ஓடவிட்டார்கள். ஓடிக்கொண்டிருந்த கோடு இடையில் ஒருமுறை சறுக்கிவிட்டு மேலே ஏறியது. கணவன் அதைப் பார்த்துவிட்டு, உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்றான். அதன் பிறகு அவன் உட்காரவே இல்லை.

அடுத்து அந்தக் கேள்வி வந்தது. பனிக்குடம் எப்போது உடைந்தது? வாசல் மேசையில் இருந்தவர் கேட்டார். தெரியாது என்றாள். இரத்த அழுத்தம் பார்த்தவள் கேட்டாள். தெரியாது. இளைய மருத்துவர் கேட்டார். தெரியாது. அவர் கேட்டதைப் பெரிய மருத்துவரும் வந்து கேட்டபோது மடிப்புக்குப் பொறுமை போய்விட்டது.

"நாள் பூரா ஈரத்துல நிக்கிற வேலைங்க எனக்கு. மீன் விக்கிறவங்ககிட்ட, எப்பம்மா உன் கையில மீன் வாசனை வந்துச்சுன்னு கேட்டா அவங்க என்ன சொல்லுவாங்க?"

பெரிய மருத்துவர் சிரித்துவிட்டார். ஆனால் கேள்வியை விடவில்லை. தண்ணீர் உடைந்து நேரம் ஆக ஆகக் கிருமி மேலே ஏற வழி உண்டு, ஒரு மணி நேரம் ஆன பெண்ணையும் ஒரு நாள் ஆன பெண்ணையும் ஒரே மாதிரி பார்க்க முடியாது என்றார். நேற்றா இன்றா என்றாவது தெரிய வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

மடிப்பு கண்ணை மூடிக்கொண்டு, அன்றைய நாளை முதலிலிருந்து பிரித்துப் பார்த்தாள். துவைக்கும் தளத்தில் நனைந்ததை வைத்து எதுவும் சொல்ல முடியாது. உலர்ந்த இடத்தில் எங்கே ஈரம் பார்த்தோம்? மெத்தை. கண்ணைத் திறந்தாள். திட்டு வாங்கிக்கொண்டு நின்ற டிரம்காரரின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. நேரம் மட்டும் வரவில்லை. கணவனிடம் அவருக்கு போன் போடச் சொன்னாள். எதற்கு என்று அவனுக்குப் புரியவில்லை. போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தான். மடிக்கும் அறை ஸ்டூல் ஈரமாக இருந்ததாமே என்று அவன் ஆரம்பித்ததுமே அந்தப் பக்கம் வெடித்தது.

"இதுக்கு வீட்டுலேருந்து வேற போன் பண்றீங்களா? நான் உக்காரலைன்னு ரெண்டு தடவையும் சொல்லிட்டேன். சத்தியம் வேணுமா?"

"அண்ணே, நீங்க உக்காரலை. எனக்குத் தெரியும்," என்றாள் மடிப்பு. "நான் உங்களை எப்ப திட்டினேன்னு மட்டும் சொல்லுங்க. ஆஸ்பத்திரியில கேக்கறாங்க."

இதை ஆஸ்பத்திரியில் எதற்காகக் கேட்கிறார்கள் என்று அவர் யோசித்திருக்க வேண்டும். ஆனால் திட்டு வாங்கினவருக்கு நேரம் மறக்குமா? காலையில் மெஷினை முதல் தடவை நிறுத்தியபோது, டீ வருவதற்கு முன்னால் ஒன்று. சாப்பிட்டுவிட்டு வந்த கையோடு இன்னொன்று. "நேத்து ஏதாவது சொன்னேனா?" என்று கேட்டாள். நேற்று ஒன்றும் இல்லை, நேற்று நீ நல்லாத்தான் இருந்தே, இன்னைக்குத்தான் உனக்கு என்னவோ ஆயிடுச்சு என்றார்.

சிஸ்டர் எழுதிக்கொண்டாள்: காலை, டீ நேரத்துக்கு முன். ஆக, காலையிலிருந்து குடம் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. அதோடுதான் அவள் பூட்ஸைப் போட்டுக்கொண்டு தொட்டிக்குள் நின்றிருக்கிறாள். சிஸ்டர் அவள் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று மடிப்பு தலையைக் குனிந்துகொண்டாள். திட்டவில்லை. அதற்கு நேரமும் இல்லை. கிருமி தொற்றாமல் இருக்க ஊசி மருந்து ஏற்றினார்கள். வலி வரவழைக்கும் மருந்தையும் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். கோடு மறுபடி அதிகமாகச் சறுக்கினால் அறுவைச் சிகிச்சை என்று சொல்லி, கணவனிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

பிறகு வலி வந்தது. அது எந்த வகை என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. படுத்தாலும் போகவில்லை, திரும்பினாலும் போகவில்லை. இத்தனை நாள் வந்த ஒத்திகைகளெல்லாம் இதன் கால் தூசிக்குக் காணாது. அதற்கு நடுவிலும் அவள் காது அந்த மெஷினின் டிக் டிக் சத்தத்தை விட்டு அகலவில்லை. சத்தம் தாமதிக்கும்போதெல்லாம் சிஸ்டரைப் பார்த்தாள். சிஸ்டர் கோட்டைப் பார்த்தாள். இருக்கு, இருக்கு, நீ மூச்சு விடு என்றாள்.

குழந்தை அறுவை இல்லாமலே வந்தது. பெண். ஆனால் வந்ததும் அழவில்லை. ஒருத்தி அதை அப்படியே எடுத்துக்கொண்டு மூலையில் இருந்த வெதுவெதுப்பான மேசைக்குப் போய்விட்டாள். குழந்தை மருத்துவர் அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். முதுகுகள் மட்டும்தான் மடிப்புக்குத் தெரிந்தன. என்ன ஆச்சு என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்டாள். அப்புறம் அந்த முதுகுகளுக்கு நடுவிலிருந்து, வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு கத்துவது போல ஒரு சத்தம் வந்தது. இரண்டாவது தடவை தெளிவாக வந்தது. மூன்றாவது தடவை, நல்ல கோபத்தோடு வந்தது.

மூச்சு கொஞ்சம் வேகமாக இருந்ததால் குழந்தையைச் சிசுக்கள் பிரிவில் வைத்திருந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதைத் தவிர மடிப்பால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை. சும்மா நிற்பது அவளுக்கு வாழ்நாளில் பழக்கமில்லாத வேலை. நாத்தனார் வந்து பக்கத்தில் நின்றாள். மறுநாள் மூச்சு சீரானது. காய்ச்சல் வரவில்லை. மதியத்துக்கு மேல் குழந்தையைக் கொண்டு வந்து கையில் கொடுத்துவிட்டார்கள்.

பணி மாற்றத்துக்கு முன்னால் சிஸ்டர் கட்டிலருகே வந்தாள். குழந்தை பால் குடிக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். கிளம்பப் போனவளை மடிப்பு நிறுத்தினாள். நேற்று முழுக்கச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டாள்.

"மூணாவது தடவையும் திருப்பி அனுப்பிடுவீங்களோன்னுதான் கூப்பிடத் தயங்கினேன், சிஸ்டர்."

சிஸ்டருக்கு முதல் முறையாக முகம் கடுத்தது. எத்தனை பேரிடம் எத்தனை தடவை இதைச் சொல்லிச் சலித்திருப்பாளோ.

"அனுப்பினா என்னம்மா? நாலாவது தடவை வரணும். ஒண்ணும் இல்லைன்னு பாத்து அனுப்பறதும் என் வேலைதான். அதை நீங்க வீட்டுல உக்காந்து செய்யாதீங்க."

மடிப்பு தலையை ஆட்டினாள். யாரிடமாவது அவள் பதில் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை என்று பிறகு கணவன் சொன்னான். அப்போது வார்டு மேசையில் போன் அடித்தது. பணி முடியும் நேரத்திலும் சிஸ்டரே போய் எடுத்தாள். யாரோ ஒருத்தி அந்தப் பக்கம் நீளமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். சிஸ்டர் கண்ணை மூடித் திறந்தாள்.

"சரிம்மா, சரி. தொந்தரவு இல்ல. முதல்ல விஷயத்தைச் சொல்லுங்க," என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மடிப்பு குழந்தையை மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டு, அந்த முகம் தெரியாதவள் என்ன சொல்லப் போகிறாளோ என்று காதைத் தீட்டிக்கொண்டாள்.